ஷெல் சத்தத்துக்கு விழுந்த கைதட்டல்

என் கணவரை அத்தனை சனத்துக்கு முன்னால் தரையில் விழுத்தியது நீங்கள்தான், விழாக் குழுத் தலைவரே.

போன வருடம் ஸ்காபரோ மண்டபத்தில் நடந்த நினைவு நிகழ்ச்சிக்கு, முன்னாள் போராளி என்று சொல்லி விளக்கேற்ற அழைத்தீர்கள். அவருக்கு வர விருப்பமில்லை. எங்கள் அடுக்குமாடியில் யாராவது குப்பைக் குழாயின் மூடியை அறைந்து சாத்தினாலே சுவரோடு ஒட்டி நிற்கிற மனிதர். நான்தான் வற்புறுத்தினேன். நாலு பேரைப் பார்த்தால் நல்லது என்று வைத்தியரும் சொல்லியிருந்தார். அந்த நாலு பேரும் நீங்களாக இருப்பீர்கள் என்று வைத்தியருக்கு எப்படித் தெரியும்?

பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் இருத்தினீர்கள். அடுத்தது நாடகம். கலைத்தாகம் முற்றிப்போய் ஆளுயர ஸ்பீக்கரில் ஷெல் விழும் சத்தத்தைப் போட்டீர்கள். கைபேசியை அணைக்கச் சொல்லி மூன்று தரம் அறிவிக்க நேரமிருந்தது. இதைச் சொல்ல நேரமில்லை.

அவர் பக்கத்துக் கதிரையில் இருந்த சிறுமியை இழுத்துத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தார். "எழும்பாதேங்கோ, அடுத்தது வரும்" என்று கத்தினார்.

சனம் கைதட்டியது. அதுவும் நாடகமாம். பின்னால் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். என் கணவரின் கழுத்தில் பொன்னாடை சுற்றிக் கிடந்தது; கால்சட்டை நனைந்திருந்தது.

நீங்கள் குனிந்து என் காதில் சொன்னீர்கள்: "தங்கச்சி, ஆளைப் பின்பக்கத்தால கூட்டிக்கொண்டு போங்கோ. சனம் பாக்குது."

இரண்டு கிழமை கழித்து, றிச்மண்ட் ஹில் கோயிலில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அவர் அண்டைக்கு நல்ல தண்ணியாமே, அக்கா? தலைவர்தான் சொன்னவர்."

என்ன கெட்டித்தனம். மனம் உடைந்தவர் என்றால் சத்தம் போட்டது யார் என்று கேட்பார்கள். குடிகாரன் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கதை வீட்டுக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து வேலைக்கும் போவதில்லை, வைத்தியரிடமும் போவதில்லை. விழுந்ததற்குப் பிறகு நடந்தது ஒன்றும் அவருக்கு நினைவில்லை. போன கிழமை என்னிடம் கேட்கிறார்: "உண்மையச் சொல்லும், அண்டைக்கு நான் குடிச்சிருந்தனோ?"

இந்த வருட அழைப்பிதழும் வந்திருக்கிறது. கலந்து சிறப்பிக்கட்டாம்.

சிறப்பிக்கிறோம். அதே மண்டபம், அதே ஒலிவாங்கி. அந்தச் சத்தத்தைப் போடப்போவதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை? அவர் குடித்ததை எந்தக் கண்ணால் கண்டீர்கள்? எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்க வேண்டாம், பின்பக்கத்தால் வரவும் வேண்டாம். அவர் முன்வரிசையில் இருப்பார். மேடையில் ஏறி, சனம் பார்க்கப் பதில் சொல்லுங்கள்.