கொரியாவுக்குக் கட்டிய பெட்டிகளும் ஹவுகெட்டோவில் நடந்த வகுப்பும்

1. போதகரின் ரெலிபோன்

ஒஸ்லோவில் இடைநிலைப் பாடசாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டுப் போன ஆனியில் ஓய்வு பெற்றேன். என் தொழிலை நான் சரியாகக் கற்றுக்கொண்டது அந்தப் பாடசாலையில் அல்ல, இரண்டு கிழமை நடந்த ஒரு மிஷன் வகுப்பில். இப்போது ஆசிரியர் வேலைக்கு வரும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஓய்வுக்குச் சில வருடம் முந்திய ஒரு கோடையில் எங்கள் கிறிஸ்தவ சபை எங்கள் குடும்பத்தைத் தென் கொரியாவுக்கு அனுப்ப முடிவு செய்திருந்தது. அங்குள்ள ஒரு சபையின் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும். நான், மனைவி றெஜினா, பதினேழு வயது மகள் அனிற்றா. பயணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. ரிக்கற் கூட எடுக்கவில்லை. றெஜினா மட்டும் பெட்டி கட்டி முடித்து வாசலில் வைத்துவிட்டாள். ஒஸ்லோவின் ஒரு கரையில், ஹவுகன்ஸ்டுவாவில், எங்கள் அடுக்குமாடிப் புளொக்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது.

அப்போதுதான் போதகர் ரெலிபோன் எடுத்தார்.

"அண்ணை, அங்கை நல்ல வெள்ளமாம். வகுப்பு நடத்துற மண்டபத்துக்குள்ளை தண்ணி வந்திட்டுதாம். கொரியாப் பயணம் இல்லை. ஆனா வகுப்பு இருக்கு."

"எங்கை?"

"ஹவுகெட்டோவிலை."

அந்தப் பிள்ளைகள் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வரும் திட்டம் ஒன்று முன்பே இருந்ததாம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஹவுகெட்டோவில் ஒரு சபைத் தங்குமிடம் கிடைத்திருந்தது. நாங்களும் அங்கேயே பிள்ளைகளோடு தங்க வேண்டும்.

றெஜினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஹவுகெட்டோவுக்கே? ரண்டு ரயில் ஏறினால் முக்கால் மணித்தியாலம். இதுக்கே நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டு நிக்கிறன்?"

அனிற்றா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, பாஸ்போட் மறந்திடாதேங்கோ."

ஆனாலும் புறப்பட்ட நாள் காலை மூன்று பெரிய பெட்டிகளோடு ரயில் ஏறியபோது, விமானம் ஏறப் போகிறவனைப் போலவே அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

2. பன்னிரண்டு பேரும் வாய் திறக்கவில்லை

பதினான்கிலிருந்து பதினாறு வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களோடு சபை மூப்பர் ஹான் என்ற பெரியவர். பஸ்ஸால் இறங்கும்போது ஒரே சத்தம், சிரிப்பு. எனக்கும் உற்சாகம் தலைக்கேறியது. பாடத்திட்டத்தை நாலு தடவை எழுதித் திருத்தி வைத்திருந்தேன்.

முதல் வகுப்பில் மின்ஜுன் என்ற உயரமான பெடியன் முதலாவதாக எழுந்தான். "ஐ ஆம் கம் ஃப்ரொம் பூசான்."

"ஐ கம் ஃப்ரொம் பூசான்," என்றேன்.

அவன் அதைத் திருப்பிச் சொன்னான். அடுத்த வசனத்திலும் ஒரு பிழை விட்டான். அதையும் திருத்தினேன். மூன்றாவது வசனம் வரவில்லை. சிவந்துபோய் இருந்துவிட்டான். அடுத்தவள் ஜியூ என்ற சின்ன உருவப் பெண். தன் பெயரைச் சொன்னாள், அவ்வளவுதான். மற்றவர்கள் அதுவும் இல்லை.

மூன்று நாள் இப்படியே போனது. பிள்ளைகள் கொப்பி நிறைய எழுதினார்கள், சோதனைத் தாளில் நல்ல புள்ளி எடுத்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. ஹான் என்னிடம் பணிவாக, ஆனால் கவலையோடு சொன்னார், இரண்டாம் ஞாயிறு ஆராதனையில் இவர்கள் ஆங்கிலத்தில் தங்கள் விசுவாசச் சாட்சி சொல்வதை ஊரில் பெற்றோர் நேரலையில் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்று. அன்றிரவு பாடத்திட்டத்தை ஐந்தாம் தடவை திருத்தினேன்.

3. சமையலறையில் கேட்ட குரல்

நாலாம் நாள் மத்தியானம் சமையலறைப் பக்கம் போனேன். கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே மின்ஜுன் கதைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தவே இல்லை.

றெஜினா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவள். நோர்வேஜியன் நன்றாகக் கதைப்பாள். ஆங்கிலம் அரைகுறை. "யூ கட் ஒனியன். ஸ்மோல் ஸ்மோல். வை யூ க்ரை?" என்று அவள் கேட்க, வெங்காயத்தாலா வீட்டு நினைப்பாலா என்று தனக்கே தெரியவில்லை என்கிறான் அவன். பக்கத்தில் ஜியூ எங்கள் சம்பலை விரலால் தொட்டு நக்கிவிட்டு, தன் தாய் செய்வது இதைவிட உறைப்பு என்று வாதாடுகிறாள். ஒரு வசனம் கூடச் சரியில்லை. ஆனால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முழுதாக விளங்கிக்கொள்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அனிற்றாவிடம் போய், "அம்மா பிழையான இங்கிலிஸைப் பழக்கிறா," என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் அவையளைக் கதைக்க விடுறேல்லை. ஒரு வசனம் முடிய முந்தி குறுக்கை வாறீங்கள். என்னோடையும் சின்னனிலை அப்பிடித்தான். அதாலைதான் நான் வீட்டிலை இங்கிலிஸ் கதைக்கிறேல்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னது அன்று முழுக்க மனதை விட்டுப் போகவில்லை.

4. குறொன்லாண்ட் நிலையத்தில்

எட்டாம் நாள் எல்லோரையும் குறொன்லாண்டுக்குக் கூட்டிப்போனோம். எங்கள் தமிழ் ஆட்களும் பாகிஸ்தான்காரரும் மரக்கறி வாங்கும் தெரு. இருவர் இருவராகக் கடைக்குள் போய் ஆங்கிலத்தில் விலை விசாரித்து ஒரு சாமான் வாங்கிவர வேண்டும். பிள்ளைகள் வெண்டிக்காயும் பாகற்காயும் பிடித்துக்கொண்டு வெற்றிவீரர்கள் போல ஓடி வந்தார்கள். தெரு முழுக்க எங்கள் சத்தம்தான்.

திரும்பும்போது ஜியூவும் அவளுடைய தோழியும் சுரங்க ரயில் நிலையத்துக்குள் முந்திப் போய்விட்டார்கள். நான் மேலே நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்துத்தான் வந்தது. அந்த நேரம் கீழேயிருந்து ஒரு அலறல் கேட்டது. நகரும் படிகளில் பாய்ந்து இறங்கினேன்.

வயதான நோர்வேஜியப் பெண் ஒருவர் படிகளின் அடியில் விழுந்து கிடந்தார். நெற்றியால் இரத்தம். யாரோ ஒருவர் நிலைய ஊழியரைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார். தோழி தன் சால்வையைக் காயத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். ஜியூ முழங்காலில் இருந்தாள். ஒரு கையில் அந்த அம்மாவின் கை, மற்றதில் தன் ரெலிபோன். அவசர உதவி இலக்கத்துக்கு எடுத்திருந்தாள்.

"ஷீ ஃபால். ஹெட், பிளட். பட் ஷீ ப்ரீத். ஷீ லுக் மீ. ஐ ஹோல்ட் ஹேர் ஹான்ட்."

நான் கையை நீட்டினேன். "கிவ் மீ த போன், ஜியூ."

எட்டு நாளாக எனக்கு முன்னால் தலை நிமிராத பிள்ளை, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "நோ, ரீச்சர். ஷீ ஆஸ்க் மீ."

மறுமுனையில் இருந்தவர் கேட்டது அவளைத்தான். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். எந்த நிலையம், எந்தப் பக்கத்து வாசல், அந்த அம்மா கண் திறந்திருக்கிறாரா. என் கை அந்தரத்தில் நின்றது. பின்னால் வந்த அனிற்றா மெதுவாக அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அம்புலன்ஸ்காரர் சில நிமிடத்தில் வந்துவிட்டார்கள். தூக்குப் படுக்கையில் ஏற்றும்போதும் அந்த அம்மா ஜியூவின் கையை விடவில்லை. ஊழியர் ஒருவர் என்னிடம் நோர்வேஜியனில், "அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் தெளிவாக இருந்தது, வாசல் தேடி மினக்கெடவில்லை," என்றார்.

ரயிலுக்குள் பிள்ளைகள் ஜியூவைச் சுற்றி நின்று கொரிய மொழியில் கத்தினார்கள். மின்ஜுன் திடீரென்று, "ரீச்சர், ரீச்சர், ஐ ஆல்ஸோ டெல்!" என்று கடையில் பாகற்காய் வாங்கிய கதையைத் தொடங்கினான். ஹவுகெட்டோ வந்து சேரும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை. கேட்கக் கேட்க எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

5. அதற்குப் பிறகு

அந்த இரண்டாம் ஞாயிறன்று பன்னிரண்டு பேரும் தங்கள் சொந்த வசனங்களில் சாட்சி சொன்னார்கள். ஜியூ, அந்த நிலையத்தில் தான் கடவுளிடம் வார்த்தை கேட்டதாகவும் வந்தது சின்ன வார்த்தைகள்தான் என்றும் சொன்னாள். ஹான் நேரலைக் கைபேசியைப் பிடித்தபடி அழுதார். றெஜினா எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள்.

இலக்கணத்தைப் பிறகு சொல்லிக் கொடுத்தோம். பிள்ளைகளே கேட்டார்கள், நானும் கதை முடிந்த பிறகு சொன்னேன். மீதி நாட்களில் அவர்கள் கற்றது முதல் கிழமையைவிட அதிகம். ஆவணியில் பாடசாலை தொடங்கியதும் அங்கேயும் அப்படியே செய்தேன். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகள் கதைக்கத் தொடங்கினார்கள். அந்த வருடங்கள்தான் என் தொழிலில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வருடங்கள்.

புதிதாக வகுப்புக்குள் போகும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் சொல்லி முடியும் மட்டும் பொறுத்திருங்கள். பிழையை நாளைக்கும் திருத்தலாம். கதைக்க வந்த பிள்ளை நாளைக்கும் வருமோ தெரியாது.