யோகலிங்கம் மாமாவின் நாலு வோல்ட்

யோகலிங்கம் மாமா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவருடைய வலது கால் போன கதையில் ஒரு டொக்டர் அவரைப் பொய்யர் என்று நினைத்தார். அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்த எல்லோரும், ஒரு கணமாவது, அப்படித்தான் நினைத்தோம்.

அவர் என் அம்மாவின் மூத்த அண்ணன். டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு பெரிய பாண் தொழிற்சாலையில், பாண் சுடுகிற போறணை அடுப்படியில் வேலை. ஜேர்மனிக்கு வந்த புதிதில் அகதி முகாமில் வேலை செய்ய அனுமதி இல்லை. படுக்கை, சாப்பாடு, சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்த காலத்தில்தான் சிகரெட் பழகினார். பிறகு வேலை வந்தது, தேவமலர் மாமி வந்தா, ஜேர்மன் கடவுச்சீட்டும் வந்தது. சிகரெட் மட்டும் முகாமை விட்டு வரும்போதே கூட வந்துவிட்டது.

மாமிக்கு அந்த மணம் ஆகாது. கலியாணம் கட்டி வந்த முதல் கிழமையே மாமாவை பல்கனிக்கு அனுப்பிவிட்டா. அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை, மண் நிரப்பிய கோப்பித் தகரம், ஆணியில் தொங்கும் பழைய குளிர் ஜக்கெட். மாமி உள்ளே இருந்து நாடகம் பார்ப்பா. மாமா வெளியே நின்று கண்ணாடிக்குள்ளால் அதே நாடகத்தைப் பார்ப்பார். அவருக்குச் சத்தம் கேட்காது. "அந்த நீலச் சீலைக்காரி ஏன் அழுறாள்?" என்று உள்ளே வந்ததும் கேட்பார். "பத்திப்போட்டு வந்து கதை கேக்காதேங்கோ, போய் வாயைக் கொப்புளியுங்கோ" என்பா மாமி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பல ஆண்டுகள் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரு கண்ணாடியின் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

காலில் நோ தொடங்கியபோது யாருக்கும் அது நோ என்று தெரியவில்லை. ட்ராமால் இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் மாமா கடைகளுக்கு முன்னால் நின்று நின்று வந்தார். கெண்டைக்கால் இறுகும், கொஞ்சம் நின்றால் விடும். தெருவில் சும்மா நிற்க வெட்கப்பட்டுக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல நின்றிருக்கிறார். மாமிக்கு அது சந்தேகமாகப் போய்விட்டது.

"உங்களுக்கு என்ன, பொம்பிளையளின்ர சப்பாத்துக் கடையைக் கண்டா மட்டும் கால் நகராதோ?"

"வடிவா இருக்கு, பாத்தன்."

"ஆர் வடிவு? சப்பாத்தோ?"

டொக்டரிடம் போனபோது நானும் போனேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் யாருக்கு எந்த டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைத்தாலும் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன். இந்த நோவுக்கு ஜேர்மன் மொழியில் கடைக்கண்ணாடி வருத்தம் என்றே ஒரு பெயர் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். மாமி திரும்பி மாமாவைப் பார்த்தா. மாமா நிலத்தைப் பார்த்தார். காலின் இரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தன. ஒரு பகுதிக்கு மாற்று வழி வைத்து ஓபரேஷன் செய்தார்கள். "இனி நிக்கோட்டின் உடம்புக்குள் போகக் கூடாது. போனால் இந்தக் காலுக்கு நான் பொறுப்பில்லை" என்றார் டொக்டர். நான் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

மாமாவுக்கு டொக்டரின் சொல் காதோடு நின்றது. அதை அவர் தன் வழியில் உள்ளே கொண்டுபோனார். அந்த ஆடியில் ஹம் நகரத்து அம்மன் கோவில் தேருக்குப் போய், தேர் நகரும் முன் சிதறு தேங்காய் அடித்து, சனத்துக்கு நடுவில் வாய்விட்டே சொன்னார்: "தாயே, கால் நிக்கட்டும். இனிச் சிகரெட் தொடன்." வீதியெல்லாம் தேங்காய்ச் சில்லு. மாமி அழுதா. அதற்குப் பிறகு அவர் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடவில்லை. கோவில் வாசலில் வைத்துச் சொன்ன சொல்லை மீறுகிற ஆள் அவர் இல்லை. சொல்லாத ஒன்றைத் தனக்குத்தானே விலக்கிக்கொள்கிற ஆளும் இல்லை.

முதல் கிழமை நரகமாக இருந்தது என்று மாமி சொன்னா. சோறு உப்பு என்றார், கறி சப்பென்றார், தொலைபேசி அடித்தால் ஏசினார். அப்போதுதான் மாமியின் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் சஞ்சயன் வந்தான். அவன் நோர்ட்ஸ்டாட் பகுதியில், மின் சிகரெட் விற்கிற ஒரு வேப் கடையில் வேலை செய்கிறவன்.

"மாமா, இதைப் பிடிச்சுப் பாருங்கோ. நெருப்பு இல்லை, புகை இல்லை. சும்மா ஆவி."

மாமா இழுத்துப் பார்த்தார். முகம் கோணியது. "இது என்னடா, இடியப்பத் தட்டைத் திறந்தமாதிரி ஒரு வெக்கை வருது. வேறை ஒண்டும் இல்லையே!"

"வோல்ட்டேஜ் குறைச்சுக் கிடக்கு. இந்த வட்டச் சில்லைத் திருப்புங்கோ. உள்ளுக்கை ஒரு கம்பிச் சுருள் இருக்கு. வோல்ட் கூடினா அது கூடச் சூடாகும். அப்ப ஆவி கூட வரும், வாசம் வரும், தொண்டையிலையும் பிடிக்கும்."

"அப்ப முழுக்கத் திருப்புறன்."

"ஐயோ வேண்டாம், கருகிப்போம்!"

சொல்லி முடியும் முன் மாமா திருப்பி இழுத்துவிட்டு இருமினார். இருமி முடிந்ததும் சிரித்தார். போறணை வேலைக்காரனுக்கு இது தெரிந்த விஷயம். சூடு காணாவிட்டால் பாண் வெள்ளையாக, உள்ளே மாவாகக் கிடக்கும்; மிஞ்சினால் அடி கருகும். நடுவில் ஒரு இடம் உண்டு. அன்று பின்னேரம் முழுக்க அவர் அந்த இடத்தைத் தேடினார். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, நிக்கோட்டின் கலந்த மாம்பழ வாசத் திரவம் கருகாமலும் தொண்டை சும்மா போகாமலும் இருக்கிற இடம். நாலு வோல்ட்டில் கண்டுபிடித்தார். "இதுதான்" என்றார். "அப்பிடியே சிகரெட் மாதிரிக் கிடக்கு."

வோல்ட்டை மாற்றக்கூடிய கருவி உண்மையிலேயே நல்லதா என்று பிறகு நான் நிறைய வாசித்தேன். தேர்வில் கேட்டால் ஆம் என்றுதான் எழுதுவேன். குறைந்த வோல்ட்டில் கிடைக்காத நிறைவு அதில் கிடைக்கும். நிறைவு கிடைப்பதால் மனிதர் அதை விடாமல் வைத்திருப்பார். ஒவ்வொரு இழுப்பிலும் கூடுதலான ஆவி. ஆவி கூடினால் நிக்கோட்டினும் கூடத்தான். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

ஏனென்றால் அது எங்களுக்கும் நன்றாக இருந்தது. மாமா பல்கனியிலிருந்து உள்ளே வந்துவிட்டார். இதுதான் நடந்தது. சோபாவில் மாமிக்குப் பக்கத்தில் இருந்து, சத்தத்தோடு நாடகம் பார்த்தார். "உவள் அழுறது நடிப்பு" என்று மாமிக்கே விளக்கம் சொன்னார். வீடு மாம்பழம் மணந்தது. கோப்பித் தகரத்தில் மாமி கறிவேப்பிலைக் கன்று நட்டா. கொலோனில் இருக்கிற அக்காவோடு தொலைபேசியில் மணிக்கணக்காகச் சொல்லுவா: "என்ர மனுசன் விட்டிட்டார். அம்மன் விட வைச்சிட்டா." ஊர்ச்சங்கப் பொங்கல் விழாவில் மாமாவைக் காட்டி மற்ற மனைவிமார் தங்கள் கணவன்மாரை ஏசினார்கள். முன்பு குளிரில் வெளியே போக வேண்டும் என்ற சோம்பலாவது அவரைச் சில தடவை தடுத்திருக்கும். இப்போது கருவி எப்போதும் கைக்குள் இருந்தது. சாப்பிட்டதும், தேத்தண்ணியோடும், விளம்பர நேரத்திலும் இழுத்தார். யாரும் எண்ணவில்லை. புகைதானே எண்ணப்படும்.

மூன்றாம் வருசம் வலது காலின் பெருவிரல் நிறம் மாறியது. முதலில் ஊதா, பிறகு கறுப்பு.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் பார்த்தா. புகைக்கிறீர்களா என்று கேட்டா. மாமா எனக்காகக் காத்திருக்கவில்லை. அந்த ஜேர்மன் கேள்வி அவருக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சை நிமிர்த்தி "நைன்", இல்லை, என்றார். "மூண்டு வருசம்" என்று விரலைக் காட்டினார். மாமியும் தலையாட்டினா: "அம்மனுக்குச் சத்தியம் செய்தவர், சொல்லு பிள்ளை." நான் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டா.

அடுத்த நாள் இரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தபோது அவவின் குரல் மாறியிருந்தது. கட்டிலின் காலடியில் நின்று, மாமாவைப் பாராமல் என்னைப் பார்த்துப் பேசினா. இரத்தத்தில் நிக்கோட்டின் நிறைய இருக்கிறது, நாளுக்கு ஒரு பெட்டி புகைப்பவருக்கு இருக்கிற அளவு. உங்கள் மாமா எங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

நான் மொழிபெயர்த்தேன். மாமி மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் முன்பு கண்டதில்லை.

"களவாப் பத்தினனீங்களோ?"

"இல்லை மலர்."

"வேலையிலையோ?"

"அம்மாளாணை இல்லை."

"அம்மாளை இழுக்காதேங்கோ!" அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மாமி கத்தினா.

மாமா தலையணைக்குப் பக்கத்தில் தடவி, கருவியை எடுத்து, தட்டு வைக்கும் மேசையில் வைத்தார். "இது மட்டும்தான். இது புகை இல்லையெண்டு சொல்லு பிள்ளை. நான் சொல் மீறேல்லையெண்டு சொல்லு."

டொக்டர் கருவியைக் கையில் எடுத்தா. சில்லு நின்ற இடத்தைப் பார்த்தா. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டா. மாமா உண்மையைச் சொன்னார். அவ பெருமூச்சு விட்டு, இந்த முறை மாமாவைப் பார்த்தே நிதானமாகப் பேசினா. சிகரெட்டில் இருக்கிற பல கெட்ட பொருட்கள் இதில் குறைவாக இருக்கலாம். ஆனால் நிக்கோட்டின் இரத்தக் குழாயை இறுக்கும். கால் போவது இதனால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சர்க்கரை, வயது, பழைய சேதம் எல்லாம் இருக்கிறது. ஆனால் இது உதவி செய்யவில்லை.

"நான் பொய் சொல்லேல்லையெண்டு சொன்னனியோ?" என்றார் மாமா.

"சொன்னனான் மாமா."

"அதுக்கு என்ன சொல்லுறா?"

நான் கேட்டுச் சொன்னேன். "நம்புறாவாம். ஆனா இரத்தக் குழாய்க்கு ரெண்டும் ஒண்டுதானாம்."

"அப்ப சரி" என்றார் மாமா. அன்றே கருவியை மாமியின் கையில் கொடுத்துவிட்டார். திரும்பக் கேட்கவில்லை. ஆனால் கால் அதற்குள் கேட்கும் நிலையைத் தாண்டியிருந்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே.

இலைதுளிர் காலத்தில் அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஆட்கள் பார்க்க வந்தார்கள். தொழிற்சாலையில் அவருக்குப் பிறகு போறணையடியில் நிற்கிற ஜெசிந்தன் ஒருநாள் பழங்களோடு வந்தான். அவனிடம் சிகரெட் மணந்தது. மாமி பல்கனிக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனா. மாமா சக்கர நாற்காலியில் இருந்தார். மடியிலிருந்து ஒரு போர்வை ஒரு பக்கம் மட்டும் நிரம்பித் தொங்கியது.

ஜெசிந்தன் தொழிற்சாலைக் கதைகளைச் சொன்னான். மேற்பார்வையாளர் இன்னும் மாமாவின் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடுகிறாராம். கதை முடிந்ததும் அவன் கண் கண்ணாடி அலுமாரிக்குப் போனது. விலை கூடிய சாமான் என்று மாமி எறிய மனமில்லாமல் கருவியை அங்கேதான் வைத்திருந்தா.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? எனக்கும் வீட்டிலை ஒரே கரைச்சல். சிகரெட்டை விடு எண்டு மனிசி நிக்குறாள். உந்த மெஷின்... வோல்ட் கூட்டிக் குறைக்கிற சாதி எண்டா திறம் எண்டு கடையிலை சொல்லுறாங்கள். உண்மையோ?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று என் மனம் தவித்தது. ஒரு சின்னப் பொய். இந்த ஒரு தடவை.

மாமா போர்வையைச் சரி செய்தார். "நாலிலை வை" என்றார். "திறமா இருக்கும். சிகரெட்டே தேவைப்படாது."

ஜெசிந்தனின் முகம் மலர்ந்தது.

"அவ்வளவு திறம் எண்டபடியாத்தான்டா," என்று போர்வையை ஒரு பக்கமாக விலக்கினார் மாமா, "கால் இதிலை நிக்குது."

ஜெசிந்தன் பார்க்கக்கூடாத இடத்தைப் பார்த்துவிட்டவன்போலத் தலையைத் திருப்பினான். மாமி மூன்று கோப்பைகளோடு வந்தா. அவன் தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டு, கோப்பையை வைத்து, இதோ வாறன் அண்ணை என்று சொல்லி எழுந்து பல்கனிக்குப் போனான். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினான். கறிவேப்பிலைக் கன்றுக்குப் பக்கத்தில் நின்று பற்றவைத்தான். மாமா கண்ணாடிக்குள்ளால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.