அக்கா கொடுத்த கிட்னியும் டாக்டர்கள் கூட்டமும்

நான்கு வருடங்களுக்கு முன்னால் என் அக்கா தன் கிட்னி ஒன்றை எனக்குக் கொடுத்தாள். நான் திண்டிவனத்தில் கணக்கு வாத்தியார். அவள் வளவனூரில் நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிறவள். ஆபரேஷனுக்கு முன் அனுமதிக் குழுவில் ஓர் அதிகாரி அவளைத் தனியாக உட்காரவைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று விசாரித்திருக்கிறார்.

"சின்ன வயசுல இருந்து என் பொருளை எடுத்துக்கினுதான் சார் இருக்கான். இப்பதான் மொத தடவையா கேட்டு வாங்குறான்" என்றாளாம். அனுமதி கிடைத்துவிட்டது.

அன்று முதல் என் உடம்பில் அவளுக்குப் பாத்தியதை வந்துவிட்டது. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் போன் வரும். "மாத்திரை போட்டியா? என் கிட்னிக்குத் தண்ணி குடுத்தியா?" வகுப்பில் நான் மிரட்டும் பிள்ளைகள் இதைக் கேட்டிருந்தால் என் கதி அவ்வளவுதான்.

போன வருடம் என் டாக்டர் கூப்பிட்டார். உறுப்பு மாற்று சிகிச்சையில் நடக்கும் புது ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேச, சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் டாக்டர்கள் விழுப்புரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்களாம். "பத்து நிமிஷம் உங்க அனுபவத்தைப் பேசுங்க சார். அக்காவையும் அழைச்சிட்டு வாங்க."

நான்கு பக்கம் எழுதினேன். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஓட்டல் ஹால் வாசலில் அக்காவின் கழுத்தில் அட்டை மாட்டி, கையில் பையும் பேனாவும் கொடுத்தார்கள். பட்டுப்புடவையில் அவள்தான் அங்கே பெரிய டாக்டர் மாதிரி இருந்தாள். இரண்டு பேர் வணக்கம்கூட வைத்தார்கள். அவளும் வைத்தாள்.

முதலில் பேசியவர் ஆங்கிலத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"இன்னாடா சொல்றாரு?"

"எடுத்த உறுப்பை ஐஸ்ல வெக்காம, மெஷின்ல வெச்சி ரத்தம் ஓட வுட்டுப் பாக்குறாங்களாம்."

"அப்ப என்னுதை எதுல வெச்சாங்க?"

"பக்கத்து ரூமுக்குத்தானக்கா வந்துச்சு. பாத்திரத்துல வெச்சி எடுத்துக்கினு வந்திருப்பாங்க."

"கீழ போடாம வந்தாங்களே" என்று பெருமூச்சு விட்டாள்.

அடுத்தவர் ஓர் இளம் டாக்டர். உடம்பு தேறிய தைரியத்தில் நோயாளிகள் மாத்திரையை விட்டுவிடுவதைப் பற்றிப் பேசினார். அவருக்குப் பின் நான். மேடையேறி, நெஞ்சை நிமிர்த்தி, "நான் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை" என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாதடா!" மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. "மயிலம் கல்யாணத்துல பந்தியில உக்காந்துக்கினு மறந்துட்டியே! எட்டு மணிக்கு போனே எடுக்கல. மறுபடி நான் பண்ணப்பொறவு பத்து மணிக்குத்தான போட்ட?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. யாரோ அவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுதிக் கொண்டுபோன நான்கு பக்கங்களும் சட்டைப் பையிலேயே இருந்தன. அவள் என் குறைகளை வரிசையாகச் சொல்ல, இளம் டாக்டர் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

அப்போது முன்வரிசையில் இருந்த வயதான லேடி டாக்டர் கேட்டார். "அவரைப் பத்தியே சொல்றீங்களேம்மா. நீங்க கடைசியா எப்ப செக்கப் பண்ணீங்க?"

"நானா? எனக்கு இன்னா? நல்லாத்தான கீறேன்."

"வருஷா வருஷம் பார்க்கணும்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க. மொத வருஷம் போனேன். அப்புறம் நடவு, கரும்பு வெட்டுன்னு..." குரல் இறங்கிவிட்டது.

"நான் இன்னைக்குப் பேச வந்ததே இதைத்தான்" என்றார் அந்த டாக்டர், மற்றவர்கள் பக்கம் திரும்பி. "வாங்கினவங்களை விடாம பார்க்கிறோம். கொடுத்தவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு மறந்துடறோம்."

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் மேடையில் நிற்கக் கூசியது. தினம் இரண்டு வேளை என்னை விசாரிக்கிறவளை நான் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. அவளுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே என் நினைவில் இல்லை.

சாப்பாட்டின்போது, "நாளைக்கே லீவு போடுறேன், டெஸ்டுக்குப் போலாம்" என்றேன்.

"நடவு ஆளுங்க வர்றாங்கடா."

"மாமா பாத்துப்பாரு."

"உங்க மாமாவா? ஆளுங்களுக்கு டீ வாங்கப் போனா அந்தாளு டீக்கடையிலயே குந்திக்குவாரு."

ஒருவழியாகப் புதன்கிழமை வந்தாள். ரத்தம் எடுக்க ஊசியைக் கண்டதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிட்னியையே கொடுத்தவள்! லேப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கிட்னி நன்றாக இருந்தது. பிரஷர்தான் கூடுதல். தினம் ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்கணும், ஊறுகாய் கூடாது என்றார் டாக்டர்.

அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. "கிட்னி குடுன்னப்பகூட நான் இவ்ளோ யோசிக்கல டாக்டர். ஊறுகாயையுமா வுடணும்?"

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள். ஊறுகாயைப் பற்றி மாமா ரகசியமாகச் சொல்லும் தகவல்கள் அவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை.

இந்த வருடம் இரண்டு பேரும் ஒரே நாளில் பரிசோதனைக்குப் போனோம். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து டாக்டரிடம் விளக்கம் கேட்டாள். அவளுடையது ஒரு படி மேல் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"என்கிட்ட இருக்கறது ஒழுங்கா வேலை செய்யுது. உன்கிட்ட வந்தது வாத்தியாரோட சேந்து சோம்பேறி ஆயிடுச்சு."

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் அதில் ஏறவில்லை. அவளோடு வளவனூர் வரை போனேன். ஜன்னலோர சீட்டை அவளே எடுத்துக்கொண்டாள்.