ஐந்து பேருக்கு ஒரே கை

டாக்டர் பிலோமினா, ஆண்டிபட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தின் மூத்த மகள். மதுரையில் மருத்துவம் படித்து, 1971ஆம் ஆண்டு கம்பத்துக்கு அருகிலிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியேற்றார். முதல் மழைக்காலத்திலேயே ஒரே தெருவிலிருந்து பதினான்கு பேர் வாந்திபேதியோடு வந்தனர். பதினான்கு பேரையும் தேற்றி அனுப்பினார். அவர்கள் திரும்பிப் போய் அதே கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தார்கள். கல்கத்தாவுக்குப் போய்ப் பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெறவேண்டும் என்ற எண்ணம் அன்று தோன்றியது.

மூன்றாண்டுகள் யோசித்து, பிறகே விண்ணப்பித்தார். அதற்கு மேலதிகாரியின் பரிந்துரை தேவை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் கூலியாட்கள் அனைவருக்கும் காலரா ஊசி போட்டு முடித்த ஒரே நிலையம் இவருடையது என்று அதிகாரி மனமுவந்து எழுதினார். ஊசி அட்டை இல்லாதவரைக் கங்காணிகள் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். ஆகவே கணக்கில் ஒருவர்கூட விடுபடவில்லை.

அந்த வாரமே சங்கிலியம்மாள் என்ற தோட்டத்துப் பெண் கொதிக்கும் காய்ச்சலோடு வந்தாள். இரு கைகளும் வீங்கியிருந்தன.

“ஒரு ஊசிக்கு இப்படி வீங்காதேம்மா. எத்தனை போட்டீங்க?”

“அஞ்சுதான் டாக்டரம்மா.”

“அஞ்சா!”

“மருமக பிள்ளை பெத்தவ. மக நோஞ்சான். நாத்தனாளுக ரெண்டும் ஊசியக் கண்டா ஊரக் கூட்டிருவாளுக. போட்டா ரெண்டு நாளு கை தூக்க முடியாது, காய் எடுக்குறது எப்படி? எனக்குத் தாட்டியான ஒடம்பு. கேம்ப்புக்கு ஒரு பேரச் சொல்லி நானே வாங்கிக்கிட்டேன்.”

“வீட்டுக்காரருக்கு?”

“ஆம்பளைகளுக்கு ஒச்சாண்டி அண்ணன் இருக்காகல்ல! ஆறு பேருக்குக் கை குடுத்தாக.”

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள். ஊசி போடும் நிலைய ஊழியர் அம்மாவாசி நீளும் கைகளைப் பார்ப்பாரே தவிர முகங்களைப் பார்ப்பதில்லை. பிலோமினா பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான்கு நாள் தெருத்தெருவாக நடந்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் ஊசியே போட்டுக்கொள்ளாதவர்கள்.

கணக்கைத் திருத்தி, புதிதாக மருந்து கேட்க மதுரைக்குப் போனார். அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார்.

“அறிக்கை மெட்ராஸுக்குப் போயாச்சும்மா. இப்ப தப்புன்னு எழுதுனா என் வேலையும் போகும், உங்க வேலையும் போகும். எல்லாத்துக்கும் போட்டாச்சுன்னு சொன்ன ஊருக்கு மறுபடி மருந்து யாரு குடுப்பாக? பேசாம கல்கத்தா போய்ப் படிச்சிட்டு வாங்க.”

பத்து நாளில் கல்கத்தாவில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. தம்மைத் தேர்ந்தெடுத்த காரணம் உண்மையன்று என எழுதி அவர் அந்த இடத்தை மறுத்தார். அது வேறொருவருக்குப் போயிற்று. அறிக்கை மாறவில்லை, மருந்தும் வரவில்லை.

கடைசியில் ஒரு விடிகாலை கம்பம் ஜீப் நிறுத்தத்துக்குப் போய், கங்காணி சுருளியாண்டியை மறித்தார்.

“ஒரு பத்து நாள் இவங்களை மலைக்குக் கூட்டிப் போகாதீங்க. ஊசி போடாதவங்க நிறைய இருக்காங்க. அதுக்குள்ள எங்கேயாவது மருந்து வாங்கிப் போட்டுடுறேன்.”

சுருளியாண்டி பக்கத்தில் நின்ற கூலியாளிடம் ஊசி அட்டையை வாங்கித் திருப்பிக் காட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானே டாக்டரம்மா?”

தம்முடையதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் குமுளிச் சாலையில் மலைக்குக் கிளம்பின.