சுவருக்கு அந்தப் பக்கமும் எங்கள் கட்டில்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வரிசையாகப் பல குடும்பங்கள் வாழும் லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா. அடுப்பு, தண்ணீர்க் குடம், விறகு, நான், என் வீட்டுக்காரர், மாமியார், மூன்று பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரே அறைக்குள்தான். ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர்களும் கூடவே புரள வேண்டும்.

கடைக்குட்டிக்கு மழைக்காலம் வந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். தோட்டத்து டாக்டரையா அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளையத் தரையில போடாதீங்க. இன்னொரு மழைக்காலம் தாங்காது" என்று சொல்லிவிட்டார். ஆனால் கட்டில் போட இடம் எங்கே? கட்டில் உள்ளே வந்தால் நாங்கள் வெளியே போக வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். உறவுக்காரர் ஒருவரை ரயிலேற்ற நானுஓயாவுக்குப் போனபோது, ரயிலுக்குள் சுவரோடு ஒட்டிக் கிடந்த படுக்கையை ஒருவர் இழுத்துக் கீழே இறக்குவதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து அதே பேச்சு. "ராவைக்கு எறக்கிக்கலாம், வெடிஞ்சதும் தூக்கி மாட்டிறலாம் புள்ள." தொரை பங்களாவிலேயே இல்லாத வசதி நமக்கா என்று கேலி செய்தேன். மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கழித்துப் போட்ட மரச்சட்டம், பழைய கதவுக் கீல், சாக்கு என்று கேட்டு வாங்கிவந்து கட்டிலைச் செய்தே முடித்துவிட்டார்.

வெளிச்சுவர் கருங்கல். மழையில் அதில் ஈரம் வழியும். அதனால் பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் பொதுவான நடுச்சுவரில் ஆணியடித்து மாட்டினார். தாங்குமா என்று பார்க்க என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கட்டிலும் சுவர் மண்ணும் நானும் ஒன்றாகக் கீழே வந்தோம். என் மாமியார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீளமான போல்ட்டு இரண்டு கொண்டுவந்தார். ஆழமாக இறக்கினால் உள்ளே கல்லில் இறுகிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. உள்ளே கல்லும் இல்லை, கில்லும் இல்லை. வெறும் மண். இரண்டாவது போல்ட்டு போன வேகத்தில் அந்தப் பக்கம் எதுவோ கலகலவென்று சரிந்து விழுந்தது.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் எனக்கும் அப்போது பேச்சு இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது யார் குடம் முந்தி என்று வந்த சண்டை. லயத்து நடுச்சுவர் கூரை வரை போகாது; இங்கே கிசுகிசுத்தால் அங்கே கேட்கும். அப்படி இருந்தும் ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்தோம் என்றால் எங்கள் வீம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"யாரு அது, சாமி பலகையில கம்பிய வுடுறது?" என்று சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது.

இவர் சுத்தியலை மெல்லக் கீழே வைத்தார். தோட்டத்துக்குச் சொந்தமான சுவரை உடைத்த கதை கணக்கப்பிள்ளை காதுக்குப் போனால் கட்டில் போய்விடும். இவர் வேலையும் போய்விடலாம். அந்த நேரம் பார்த்துச் சின்னவளுக்கு இருமல் வந்து மூச்சு இழுத்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே போவது கேட்டது.

"கணக்கப்புள்ளைகிட்டத்தான் போறா" என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா திரும்பி வந்தாள். கூடவே அவள் வீட்டுக்காரரின் குரலும் கேட்டது. எதையோ கழற்றினார்கள், இழுத்தார்கள், தட்டினார்கள். பிறகு அக்காவே என்னைக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, நட்டு இருந்தா மேலால போடு. இங்கிட்டு பலகை குடுத்து முறுக்குறோம்."

இவர் நட்டுகளைச் சுவருக்கு மேலாக எறிந்துவிட்டு, போல்ட்டு சுற்றாமல் அதன் தலையைக் குறட்டால் பிடித்துக்கொண்டார். அவர் செய்தது அவ்வளவுதான். அந்தப் பக்கமிருந்து யாரோ இழுப்பதுபோல அது மெல்ல மெல்ல உள்ளே போய் இறுகியது. கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஓடினேன் அவள் வீட்டுக்கு. சாமி படங்களெல்லாம் அரிசிப் பெட்டி மேல் சாய்ந்திருந்தன. ஒன்றில் கண்ணாடி கீறியிருந்தது. அவை நின்றிருந்த பலகை இப்போது சுவரோடு சேர்ந்து எங்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சாமி பலகையைப் போயி ஏங்கா..." என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

"புள்ள இழுக்குறது எங்களுக்குந்தானே கேக்குது. இந்த வூட்டுல மட்டும் யாரு தூங்குறா?" என்றாள் அக்கா. "சாமிக்கு நிக்க வேற எடமா இல்ல?"

அன்று மத்தியானம் லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. கட்டில் இறங்குவதையும் ஏறுவதையும் வாய் பிளந்து பார்த்தார்கள். "இன்னொருக்கா எறக்குங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இவர் சலிக்காமல் இறக்கிக் காட்டினார். சின்னவள் மேலே ராணி மாதிரி படுத்திருந்தாள். அடுத்த மழைக்காலம் வந்தது, போனது. பிள்ளை தாங்கினாள். படங்கள் இல்லாவிட்டாலும் அது சாமி பலகைதானே என்று அக்கா வெள்ளிக்கிழமைதோறும் அந்த இரண்டு நட்டுக்கும் குங்குமம் வைத்தாள்.

சில வருஷங்கள் கழித்து அவர்கள் டயகமப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனார்கள். சாமான்களை ஏற்றும்போது, புதிதாகக் குடிவந்தவர்களிடம் அக்கா சொன்னது சுவருக்கு மேலாக எனக்குக் கேட்டது. "எத வேணும்னாலும் கழட்டுங்க, இந்தப் பலகைய மட்டும் தொட்டுறாதீங்க. அந்தப் பக்கம் ஒரு புள்ள தூங்குது."

அந்தப் பிள்ளைக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்கு இன்னும் தோன்றுகிறது.