சரிபார்ப்பவர் கட்டத்தில் யார் பெயர்?

பழுது பார்த்த லேப்டாப்புகளை ஒரு ஐ.டி. கம்பெனிக்குக் கொடுக்கும் ஆர்டர், இன்று ஒரு படிவத்தால் கைநழுவப் பார்த்தது.

உப்பிப்போன பேட்டரிகளைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்கு அனுப்புகிறேனா என்று கேட்கும் படிவம். எல்லாக் கட்டத்திலும் என் பெயரையே எழுதியிருந்தேன்.

கம்பெனிப் பெண் போன் செய்தார். "சார், சரிபார்க்கிறவர் வேற ஆளா இருக்கணும். கடையில வேற யாருமே இல்லையா?"

"இருபது வருஷமா நான் ஒருத்தன்தாம்மா."

எப்போதும் பெருமையாகச் சொல்வேன். இன்று சொன்னபின், கையெழுத்துக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

என் கடை இருக்கும் தாம்பரத்தில் கேட்க ஆளில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் இதே தொழில் செய்யும் போட்டிக்காரர் குமாரிடம் போனேன்.

"இன்னாண்ணா, என் கஸ்டமரையெல்லாம் இழுத்துகினு போய்ட்டு, இப்போ கையெழுத்துக்கு வந்து நிக்கிற? பார்க்காம போட மாட்டேன்" என்றார்.

பேசி முடித்தது இது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவர் வந்து, பேட்டரி அனுப்பிய ரசீதுகளைப் பார்த்துக் கையெழுத்திடுவார். மறுவாரம் அவர் ரசீதுகளைப் பார்க்க நான் அவர் கடைக்கு. டீ, யார் கடையோ அவர் செலவு. கடைசி நிபந்தனை அவர் போட்டது: கையெழுத்தானதும் கிளம்பக் கூடாது, அரைமணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும்.