கீபோர்டு நின்றபோது

வாத்தியக் குழுவின் முன்னால் நின்று, குச்சியால் தாளம் காட்டி, எல்லாரையும் சேர்த்து வாசிக்க வைப்பதுதான் நான் சென்னையில் படித்த படிப்பு. முடித்துவிட்டுத் திண்டிவனம் வந்தால் இங்கே குழுவே இல்லை. எங்கள் மாதா கோவில் பாடகர்களோடு சில வயலின், ஒரு கீபோர்டு சேர்த்து நானே ஒன்றைத் தொடங்கினேன். "பி.எட். சேந்திருக்கலாம்" என்று அம்மா தினமும் அரித்தாள். ஃபாதர் மட்டும், "திருவிழாப் பூசைய நல்லா பண்ணிக் காட்டும்மா. கிறிஸ்மஸுக்கு விழுப்புரத்துல எல்லாப் பங்குக் கோவிலும் சேந்து வாசிக்கும். அத்த நடத்துறத உனக்குத் தர்றேன்" என்றார். எப்படியாவது அது எனக்குக் கிடைத்தாக வேண்டும் என்று வெறியாக இருந்தது.

கீபோர்டு அண்ணன் கல்யாணக் கச்சேரிக்காரர். பொத்தானை அழுத்தினால் அதில் தாளம் தானாக ஓடும். எல்லாரும் அதைக் கேட்டுத்தான் வாசித்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"அத்த நிறுத்துங்கண்ணே. என் கையப் பாருங்க."

"பாப்பா, நீ பாட்டுக்கு ஆட்டிக்கினு இரு. நாங்க பாட்டுக்கு வாசிச்சிக்கினு போறோம். எதுக்குப் பேஜாரு?"

வயலின்காரர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. குச்சியை எடுத்து மறுபடி ஆட்டினேன்.

திருவிழாவன்று காணிக்கைப் பாட்டின் நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் மைக்குக்கு மட்டும்தான். கீபோர்டு செத்தது. அத்தனை பேரும் சட்டென்று என்னைப் பார்த்தார்கள். நான் கத்திக் கத்திக் கேட்டது இதைத்தான். என் கை அந்தரத்தில் நின்றது. தாளத்தின் அடுத்த தட்டு எங்கே விழ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அந்தப் பெட்டியைக் கேட்டுத்தான் இத்தனை நாள் ஆட்டியிருக்கிறேன்.

முன்வரிசைப் பெண்கள் கை தட்டிப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். குழு அவர்களோடு சேர்ந்தது. அந்தக் கைதட்டலுக்கு ஏற்றபடி நானும் குச்சியை ஆட்டினேன், நடத்துகிறவள் மாதிரி.

வெளியே வந்ததும் அம்மா, "கரண்ட் போயும் பாட்ட வுடல பாத்தீங்களா, எம் பொண்ணு" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். "விழுப்புரம் உனக்குத்தாம்மா" என்றார் ஃபாதர். தேங்க்ஸ் ஃபாதர் என்றேன். காதெல்லாம் எரிந்தது. 

விழுப்புரத்தில் முதல் ஒத்திகை. பல ஊர்க் கோவில்களிலிருந்து வந்தவர்கள், நன்றாக வாசிக்கிறவர்கள், என் கையையே பார்த்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். நான் எங்களோடு வந்திருந்த கீபோர்டு அண்ணனிடம் போய்க் குனிந்து, "ரிதம் போட்டுடுங்கண்ணே" என்றேன்.

"என்னா ஸ்பீடு, பாப்பா?"

"நீங்களே பாத்து வைங்க."